நன்னடத்தை அலுவலர்: பயிற்சியும் பதவி உயர்வும்



'புரபேஷன் ஆபீசர்' என்று சொன்னால், பெரம்பலூரிலும் அரியலூரிலும் கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு வங்கிதான் நினைவுக்கு வருகிறது. வங்கித் தேர்வில் வென்று வேலைக்குச் சேரும் இளம் அதிகாரியைப் 'புரபேஷனரி ஆபீசர்' என்று அழைப்பது வழக்கம். அவர் தாமே சோதனைக் காலத்தில் இருப்பவர். நான் இன்று பேச எடுத்துக்கொண்டவரோ வேறொருவர். குற்றம் செய்த ஒருவனுடைய சோதனைக் காலத்தில் அவனுக்குத் துணையாகவும் கண்காணிப்பாளராகவும் இருப்பவர். இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்றே. சோதித்துப் பார்த்தல் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. தமிழில் நம் அரசு அவருக்கு வைத்திருக்கும் பெயர் நன்னடத்தை அலுவலர். நல்ல பெயர்தான். ஆயினும் நன்னடத்தை உடையவராய் இருக்க வேண்டியவர் அலுவலரா, குற்றவாளியா என்று ஒரு மாணவன் குறும்பாகக் கேட்டால், இருவருமே என்றுதான் விடை சொல்ல வேண்டியிருக்கும்.

இந்த உத்தியோகம் எவ்வாறு தோன்றிற்று? 1841ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் போலீஸ் நீதிமன்றத்தில் ஜான் அகஸ்டஸ் என்பவர் ஒருநாள் அமர்ந்திருந்தார். அவர் வழக்கறிஞர் அல்லர். காலணி செய்யும் தொழிலுடையவர். குடிப்பழக்கத்துக்காகப் பிடித்து வரப்பட்ட ஒருவன் சிறைக்குப் போகும் நிலையில் நின்றான். அகஸ்டஸ் எழுந்து அவனுக்குத் தாம் பிணை நிற்பதாகச் சொன்னார். மூன்று வாரம் கழித்து அதே மனிதன் தெளிந்த முகத்தோடு நீதிபதியின் முன் வந்து நின்றான். நீதிபதி விதித்த அபராதம் ஒரு செண்டு. அன்று தொடங்கி 1859இல் இறக்கும்வரை அகஸ்டஸ் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்குப் பிணை நின்றார். சம்பளம் கிடையாது, பயிற்சி கிடையாது, பதவி உயர்வும் கிடையாது. அவர் மறைந்து 19 ஆண்டுகள் சென்ற பின்னரே, 1878இல், மாசச்சூசெட்ஸ் மாநிலம் ஊதியம் பெறும் அலுவலருக்கு வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. இங்கிலாந்தில் 1907ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது.

நம் சென்னை மாகாணம் இத்துறையில் பின்தங்கி நின்றதில்லை. சிறுவர்க்கென இந்தியாவில் முதன்முதலில் தனிச்சட்டம் செய்த மாகாணம் அதுவே. அது 1920ஆம் ஆண்டுச் சென்னைச் சிறுவர் சட்டம். அதனைத் தொடர்ந்து இளங்குற்றவாளிகளுக்கான 1925ஆம் ஆண்டுப் பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் வந்தது. 1936ஆம் ஆண்டின் சென்னை நன்னடத்தைச் சட்டம் இந்நாட்டில் இவ்வகையில் எழுந்த முதற் சட்டங்களுள் ஒன்று. நாடு முழுமைக்குமான சட்டம் 1958இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது; இன்றும் நடைமுறையில் உள்ளது.

அச்சட்டத்தின் 4ஆம் பிரிவு நீதிமன்றத்துக்கு ஓர் அதிகாரம் தருகிறது. மரண தண்டனைக்கோ ஆயுள் தண்டனைக்கோ உரியதல்லாத குற்றம் ஒருவன்மேல் மெய்ப்பிக்கப்பட்டாலும், அவனை உடனே சிறைக்கு அனுப்பாமல், மூன்று ஆண்டுக்கு மேற்படாத காலத்துக்கு நன்னடத்தைப் பிணைமுறி எழுதி வாங்கிக்கொண்டு வெளியே விடலாம். வேண்டுமாயின் நன்னடத்தை அலுவலரின் கண்காணிப்பில் வைக்கலாம். அவ்வாறு வைத்தால் அது ஓராண்டுக்குக் குறையலாகாது. 6ஆம் பிரிவு இன்னும் அழுத்தமானது. 21 வயது நிரம்பாத ஒருவன் ஆயுள் தண்டனைக்கு உரியதல்லாத குற்றம் செய்திருந்தால், அவனைச் சிறைக்கு அனுப்புவதற்கு முன் நீதிமன்றம் நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்க வேண்டும். அதன்பின்னும் சிறைதான் என்று முடிவு செய்தால் அதற்குரிய காரணத்தை எழுதிவைக்க வேண்டும். 18 வயது நிரம்பாதோர்க்கு 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம் உண்டு. பிள்ளை குழுமத்தின் முன் முதலில் நிறுத்தப்பட்ட நாளிலிருந்து 15 நாளுக்குள் அவனுடைய குடும்பம், படிப்பு, சூழ்நிலை ஆகியவற்றை ஆராய்ந்த அறிக்கை வந்துசேர வேண்டும் என்பது அதன் விதி.

ஆகவே, ஓர் இளைஞன் சிறைக்குச் செல்வதா, வீட்டுக்குச் செல்வதா என்பது பல நேரங்களில் இரண்டு மூன்று தாள் கொண்ட ஓர் அறிக்கையைப் பொறுத்திருக்கிறது. அந்தத் தாள்களை எழுதுகிறவரை எப்படிப் பயிற்றுவது, பயிற்றியபின் எப்படி நிலைநிறுத்துவது என்பதே என் பேச்சின் பொருள்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். அரியலூர்ப் பக்கத்துச் சிமெண்டு ஆலைகளை அறிவீர்கள். சாலையோரத்தில் லாரிகள் வரிசையாக நிற்கும். 19 வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டிருந்த லாரியிலிருந்து பேட்டரியைக் கழற்றி விற்றுவிட்டான். போலீஸ் ஆவணத்தில் 'வேலையற்றுத் திரிபவன்' என்று ஒரு வரி. நீதிமன்றம் அறிக்கை கேட்கிறது. அலுவலர் ஊருக்குப் போகிறார். பகல் 11 மணிக்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கும். சித்திரை மாதம், தாய் முந்திரிக்காட்டில் கொட்டை பொறுக்கிக்கொண்டிருப்பாள். பயிற்சி இல்லாதவர், 'வீட்டில் பொறுப்பான பெரியவர் எவரும் இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பார். பயிற்சி பெற்றவர் அந்தி சாய்ந்தபின் மறுபடி போவார். மூத்த பெண்ணின் கல்யாணத்துக்கு வாங்கிய கடனுக்கு வாரந்தோறும் குழுவில் பணம் கட்ட வேண்டியிருப்பதும், தகப்பன் லாரியில் கிளீனராகப் போய் மாதக்கணக்கில் திரும்பாததும் அப்போதுதான் தெரியவரும். களவு களவுதான், அதை மறைக்கச் சட்டம் சொல்லவில்லை. ஆனால் பையனை வெளியே விட்டால் அவனைத் தாங்கிக்கொள்ள ஒரு வீடு இருக்கிறதா என்பதையே நீதிபதி அறிய விரும்புகிறார்.

அடுத்து அவர் பள்ளிக்கு வருவார். இவ்விடத்தில் நான் சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் இந்தப் பக்கம் எனக்குப் பழக்கமானது. மாற்றுச் சான்றிதழில் மாணவனுடைய ஒழுக்கமும் பண்பும் என்று ஒரு கட்டம் உண்டல்லவா? ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் அதில் விழுவது 'நன்று' என்னும் ஒரே சொல். பிள்ளையின் எதிர்காலத்தைக் கருதி எழுதப்படும் சொல் அது, அதில் குறைகாண்பதற்கில்லை. ஆயினும் நீதிபதிக்கு அந்தச் சொல் ஒன்றையும் சொல்லாது. நான் பணியாற்றிய பள்ளிகளுக்கு இத்தகைய விசாரணைக்கு வந்தவர்கள் இருவகையினர். ஒரு வகையினர் தலைமையாசிரியரின் மேசைமுன் அமர்ந்து, 'பையன் எப்படி?' என்று கேட்டு, சொன்னதைக் குறித்துக்கொண்டு போவார்கள். மற்றவர்கள் வருகைப் பதிவேட்டைக் கேட்பார்கள். அவர்களில் ஒருவரை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மூன்று ஆண்டுப் பதிவேடுகளைப் பக்கத்தில் பக்கமாக விரித்துவைத்து, அந்தப் பையன் வராத நாட்கள் எல்லாம் தையிலும் மாசியிலும் கூடிக்கிடப்பதைக் காட்டினார். பருத்தி எடுக்கும் காலம் அது. 'இவன் ஊர்சுற்றப் பள்ளியைத் துறந்தவன் அல்லன். கூலிக்குப் போனவன்' என்றார். பதிவேட்டில் நாள்தோறும் குறி போட்ட ஆசிரியர்களுக்குக்கூட அது அப்படித் தோன்றியிருக்குமா என்பது ஐயமே.

இவ்வாறு பார்க்கும் கண்ணைப் பழக்குவதே பயிற்சி. சட்டப் பிரிவுகளை ஒரு வாரத்தில் மனப்பாடம் செய்துவிடலாம். வேலூரில் சிறை மற்றும் சீர்திருத்த நிருவாகத்துக்கென ஒரு பயிற்சிக் கழகம் 1979 முதல் இயங்கிவருகிறது. தென்மாநிலங்கள் சேர்ந்து நடத்தும் கழகம் அது. சிறை அதிகாரிகளோடு நன்னடத்தை அலுவலர்களும் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். சட்டம், உளவியல், குற்றவியல் எல்லாம் அங்கே கற்பிக்கப்படுவன. அவை வேண்டியவையே. ஆனால் ஆசிரியப் பயிற்சி பெற்றவன் என்ற முறையில் எனக்கு ஓர் எண்ணம் உண்டு. பி.எட். வகுப்பில் கற்பித்தல் முறையைப் பற்றி எத்தனை விரிவுரை கேட்டாலும், ஒரு பள்ளியில் போய் நின்று பாடம் நடத்தி, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த ஆசிரியர் நம் பாடக்குறிப்பில் சிவப்பு மையால் எழுதியதைப் படித்த பின்புதான் தொழில் கையில் ஏறுகிறது. நன்னடத்தை அலுவலருக்கும் அதுவே வழி. மூத்தவரோடு இருபது வீடுகளுக்குப் போக வேண்டும். பின்பு தனியே போய் எழுதிய அறிக்கையை மூத்தவர் வரிவரியாகத் திருத்த வேண்டும்.

என்ன திருத்துவார்? 'தாய் பொறுப்பற்றவர்' என்று எழுதியிருந்தால் அதை அடித்துவிடுவார். அது அலுவலரின் கருத்து. 'காலை 11 மணிக்குச் சென்றபோது வீடு பூட்டியிருந்தது. தாய் முந்திரிக்காட்டு வேலைக்குச் சென்றிருப்பதாக அண்டை வீட்டார் கூறினர். மாலை 7 மணிக்கு மீண்டும் சென்று அவரைக் கண்டேன்' என்று எழுதச் சொல்வார். முதல் வாக்கியம் நீதிபதியை ஒரு முடிவுக்குத் தள்ளுகிறது. இரண்டாவது அவரே முடிவு செய்ய வேண்டிய செய்திகளைக் கொடுக்கிறது. தமிழ்க் கட்டுரை வகுப்பில் செய்தி வாக்கியம் என்று நீங்கள் படிப்பது எங்கே பயன்படும் என்று கேட்பதுண்டே, இங்கே பயன்படும்.

இன்னொரு திருத்தமும் உண்டு. அதைச் சொல்லத் தயங்கலாகாது. நம் ஊர்களில் ஊர்த்தெரு வேறு, காலனி வேறு. காலனியில் வாழும் பையனைப் பற்றி ஊர்த்தெருவின் டீக்கடையில் மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பினால் ஒரு விடை கிடைக்கும். அவன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் வேறு விடை கிடைக்கும். இரண்டு இடத்திலும் கேட்க வேண்டும். யாரிடம் கேட்டது என்பதையும் எழுத வேண்டும். அதேபோல் ஊரறிய ஜீப்பில் போய் இறங்கி விசாரித்தால், குற்றம் முடிவாகுமுன்பே அந்தக் குடும்பத்துக்குக் கெட்ட பெயர் நிலைத்துவிடும். இந்த அறிக்கையை மறைவாகவே வைத்திருக்க வேண்டும் என்று 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு சொல்கிறது. அறிக்கையை நீதிமன்றம் காப்பாற்றிவிடும். விசாரணையை அலுவலர்தாம் காப்பாற்ற வேண்டும்.

வேலை அறிக்கையோடு முடிவதும் இல்லை. விடுவிக்கப்பட்டவனைக் கண்காணித்து, வேண்டுமாயின் அவனுக்கு வேலை தேடித்தரவும் முயல வேண்டும் என்று 14ஆம் பிரிவு கூறுகிறது. திருச்சி மத்தியச் சிறையில் இருக்கும் ஆயுள் கைதி ஒருவர் விடுப்பில் ஊருக்கு வர விண்ணப்பித்தால், அந்த ஊரில் போய் நிலைமையறிந்து எழுதுவதும் இவர்கள் பணியே. கொலையுண்டவரின் வீடும் பல வேளைகளில் அதே ஊரில் இருக்கும். அந்த வீட்டுக்கும் போய் அமர வேண்டும். இந்த வேலையில் அதைவிடக் கடினமான இருக்கை வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இனிப் பதவி உயர்வைப் பற்றி. இதில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. மாணவர்கள் இவற்றை ஒன்றாக எண்ணிவிடக் கூடாது.

முதலாவது நிரந்தர அரசுப் பணி. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தேர்வு வழியே ஆள் எடுக்கப்படுவது. சிறைத்துறையின் நன்னடத்தைப் பிரிவில் அலுவலராகச் சேர்பவர் காலப்போக்கில் மண்டல நன்னடத்தை அலுவலராகலாம். அதற்கும் மேலே தலைமை நன்னடத்தைக் கண்காணிப்பாளர் பதவி உண்டு. ஏணி குட்டையானது, மேற்படிகள் மிகச் சில. வருவாய்த் துறை போலவோ கல்வித் துறை போலவோ விரிந்ததன்று. ஆனாலும் அது ஏணிதான். காலூன்ற இடம் உண்டு.

இரண்டாவது பாதை மாவட்டத்தோடு சேர்ந்தது. பெரம்பலூர் 1995இல் திருச்சிராப்பள்ளியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் தனியாகி, 2002இல் மீண்டும் பெரம்பலூரோடு இணைந்து, 2007இல் மறுபடியும் தனி மாவட்டமாயிற்று. மாவட்டந்தோறும் இளைஞர் நீதிக் குழுமம் வேண்டும் என்பது சட்டம். மாவட்டந்தோறும் குழந்தைகள் பாதுகாப்பு அலகு உண்டு. அந்த அலகில் சட்டமும் நன்னடத்தையும் சேர்ந்த ஓர் அலுவலர் பதவி இருக்கிறது. 2015ஆம் ஆண்டுச் சட்டம் அவரையும் நன்னடத்தை அலுவலராகவே ஏற்கிறது. சட்டம் படித்தவர்களை அப்பதவிக்கு எடுக்கிறார்கள். ஆனால் அது ஒப்பந்தப் பணி, தொகுப்பூதியம். ஒப்பந்தக் காலம் ஓராண்டாகக் குறிக்கப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்படுவது வழக்கம். அதிலிருந்து மேலே செல்லும் படி என்று ஒன்றும் இல்லை.

இதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. கணக்கைப் பாருங்கள். பிள்ளையின் நன்னடத்தைக் காலம் மூன்று ஆண்டு வரை நீளலாம். அவனைப் பார்த்துக்கொள்பவரின் ஒப்பந்தமோ ஓராண்டு. இளம் வழக்கறிஞர் ஒருவர் வருகிறார். ஊர்களை அறிகிறார், பிள்ளைகள் அவரிடம் பேசத் தொடங்குகிறார்கள். அதற்குள் அவருக்குத் திருமணம், குடும்பம் என்று பொறுப்புகள் வருகின்றன. தொகுப்பூதியத்தில் நெடுநாள் ஓட்ட முடியாமல் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அடுத்தவர் வந்து கோப்பைப் பிரித்து, முதல் பக்கத்திலிருந்து படிக்கிறார். பையன் தன் வீட்டுக் கதையை மூன்றாவது மனிதரிடம் மூன்றாவது முறை சொல்கிறான். அல்லது சொல்லாமல் விட்டுவிடுகிறான். பயிற்சிக்குச் செலவிட்டதும் அலுவலரோடு போய்விடுகிறது. பதவி உயர்வு என்பது அலுவலருடைய சொந்த நலம் மட்டுமே என்று நினைப்பவர்கள் இந்தப் பையனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

நிரந்தரப் பணியிலும் வேறு வகையான சங்கடம் ஒன்று உண்டு. நன்றாக விசாரிக்கத் தெரிந்தவருக்கு உயர்வு கொடுத்தால் அவர் மேசைக்குப் போய்விடுகிறார். நல்ல ஆசிரியரை அலுவலகத்துக்கு உயர்த்தி, வகுப்பை வெறிதாக்குவதைப் போன்றது இது. உயர்பதவிக்குச் சென்றவரும் மாதத்தில் சில நாட்கள் இளையவர்களோடு வீடுகளுக்குப் போய், அவர்கள் அறிக்கையைத் திருத்தும் கடமையுடையவராக இருந்தால் இரண்டு குறையும் ஒருங்கே தீரும். இது என் கருத்து, சட்டத்தில் இல்லை.

இங்கிலாந்தில் இதற்குச் செய்திருக்கும் ஏற்பாடு கவனிக்கத்தக்கது. அங்கே இளையவர் உதவி நிலையில் ஊதியத்தோடு சேர்ந்து, வேலை செய்துகொண்டே படித்து, தகுதி பெற்று முழு அலுவலராகிறார். பின்பு முதுநிலை அலுவலர் ஆகலாம். படிப்பும் வீட்டு விசாரணையும் ஒன்றோடொன்று பின்னிச் செல்கின்றன. அங்கும் எல்லாம் நேராக நடந்துவிடவில்லை. 2014இல் அந்தப் பணியின் ஒரு பகுதியைத் தனியார் நிறுவனங்களிடம் ஒப்படைத்தார்கள். பல குறைபாடுகள் தோன்றியபின் 2021இல் மீண்டும் அரசுப் பணியாக ஒன்றுசேர்த்தார்கள். ஏழாண்டில் கற்ற பாடம். நாம் அதைச் செலவில்லாமல் கற்கலாம்.

இந்த வேலை எனக்குப் பொருந்துமா என்று உங்களில் எவரேனும் எண்ணினால் சில செய்திகள் சொல்கிறேன். சமூகப்பணி, சமூகவியல், உளவியல், குற்றவியல், சட்டம் ஆகிய படிப்புகள் இதற்கு வழிவகுப்பன. சென்னையில் 1952இல் மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார் தொடங்கிய சமூகப்பணிக் கல்லூரி இருக்கிறது. அவ்வளவு தொலைவு போக வேண்டியதில்லை. திருச்சியிலேயே சமூகப்பணி முதுகலைப் படிப்பு கிடைக்கிறது. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் நாள்தோறும் போய்வரும் பிள்ளைகளும் உண்டு. சமூகப்பணி மாணவர்கள் களப்பணிக்காக நிறுவனங்களுக்கு அனுப்பப்படுவார்கள். எங்கே போகிறாய் என்று கேட்கும்போது, கூர்நோக்கு இல்லத்தையோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகையோ கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சில வாரங்களிலேயே இந்த வேலை உங்களுக்கு ஒத்துவருமா என்பது விளங்கிவிடும். பிறர் வீட்டுத் துயரத்தைக் கேட்டு இரவில் தூக்கம் வராதவர்களும், கேட்டுக் கேட்டு மனம் மரத்துவிடுகிறவர்களும் இதற்குச் சிரமப்படுவார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலை உண்டு. அது பழக்கத்தால் வருவது.

ஒரு நன்மை உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. செந்துறையில் முந்திரிக்காடு எந்த மாதத்தில் ஆளை இழுக்கும், செட்டிகுளத்தில் சின்ன வெங்காயத்தின் விலை விழுந்தால் எந்த வீட்டில் அடுப்பு எரியாது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் வேலூரில் கற்றுத்தர முடியாது. இந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அது தெரியும்.

கடைசியாக, வேலை அறிவிப்பு எதையேனும் காணும்போது ஊதியத்தை மட்டும் பார்த்து விண்ணப்பம் போட்டுவிடாதீர்கள். பதவி எந்தத் துறையைச் சேர்ந்தது, நிரந்தரமா ஒப்பந்தமா, தேர்வாணையத்தின் வழியா மாவட்ட நிருவாகத்தின் வழியா, கேட்கப்படும் படிப்பு சமூகப்பணியா சட்டமா என்னும் நான்கையும் பென்சிலால் கோடிட்டுப் படியுங்கள். ஒப்பந்தப் பணியில் சேர்ந்தாலும் தேர்வாணையத் தேர்வுக்குப் படிப்பதை விட்டுவிடாதீர்கள். வயது வரம்பு ஓடிக்கொண்டே இருக்கும். முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை என்று வழங்கிய துறைக்கு இப்போது குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்று பெயர். பழைய பெயரைத் தேடிக்கொண்டிருந்தால் அறிவிப்பு கண்ணில் படாமல் போகும்.